நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் மகனின் இனிப்பு நீர் குணமாகுமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறோம், டாக்டர். என் மகனுக்கு ஒன்பது வயது. சில மாதங்களுக்கு முன் திடீரென்று இளைத்துப் போனான். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தான். எப்போதோ நின்றுபோன பழக்கம் திரும்பி, படுக்கையை நனைத்தான். ஜி.எச்.சில் சேர்த்தபோது இரத்தச் சர்க்கரை 28 மில்லிமோல். டைப் 1 இனிப்பு நீர் என்று சொல்லி இன்சுலின் ஆரம்பித்தார்கள். நாளுக்கு 22 யூனிட் போட்டோம். பிறகு தெரிந்தவர் ஒருவர் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் டானிக் என்று கொண்டுவந்து கொடுத்தார். இப்போது 9 யூனிட்தான் தேவைப்படுகிறது. இன்னும் கொஞ்ச நாளில் ஊசியை நிறுத்திவிடலாம் என்கிறார் அவர். நோபல் பரிசு வாங்கிய ‘கட்டுப்பாட்டு அணுக்கள்’ இந்த நோயைத் தடுக்கும் என்று செய்தியில் பார்த்தேன். கோலாலம்பூரில் ஒரு தனியார் கிளினிக்கில் அந்த அணுக்களையே உடம்பில் ஏற்றுகிறார்களாம். நகையை அடகு வைத்தால் பணம் புரட்டிவிடலாம். செய்யலாமா? ஐந்து வயதில் மகள் இருக்கிறாள், அவளுக்கும் வருமா? மைலோ கலக்கிக் கொடுத்துக் கொடுத்தே பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்று மாமியார் சொல்கிறார். சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தாலே அழுகை வருகிறது.

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்சுலினை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். 9 யூனிட் ஆனாலும் 4 யூனிட் ஆனாலும் அந்த ஊசிதான் இன்று உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடம் போகவும் பந்து விளையாடவும் வைக்கிறது. அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ அவனைப் பார்க்கும் மருத்துவரும் தாதியும் சொல்லித்தான் நடக்க வேண்டும். டானிக் விற்பவருக்கு அதில் வேலையே இல்லை.

சர்க்கரையும் இன்சுலினும் குறித்து, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காலை, மதியம், மாலை, படுக்கைக்கு முன் என்று கட்டம் போட்டு ஒரு வேளை விடாமல் எழுதியிருக்கிறீர்கள். டானிக் ஆரம்பித்த தேதியைப் பக்க ஓரத்தில் பச்சைப் பேனாவில் குறித்திருக்கிறீர்கள். அந்தப் பச்சைக் குறிக்கு எட்டு வரி மேலே பாருங்கள்: மொத்த இன்சுலின் 22-இலிருந்து 17-க்கு ஏற்கெனவே இறங்கிவிட்டது. அதற்கும் முந்தைய வாரமே காலைச் சர்க்கரை 5, 6 என்று வரத் தொடங்கியிருக்கிறது. டானிக் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே இன்சுலின் குறைய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு உங்கள் கையெழுத்தே சாட்சி.

இதை நாங்கள் தேனிலவுக் காலம் என்போம். நோய் கண்டுபிடிக்கப்படும் நாளில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா அணுக்கள் எல்லாமே அழிந்திருப்பதில்லை. ஒரு பகுதி மிஞ்சியிருக்கும். அதிகச் சர்க்கரையில் திணறி, வேலை செய்ய முடியாமல் கிடக்கும். வெளியிலிருந்து இன்சுலின் போய்ச் சுமையைக் குறைத்ததும் அவை மீண்டும் சுரக்க ஆரம்பிக்கும். 26 கிலோ எடையுள்ள உங்கள் மகனுக்கு 9 யூனிட் என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 0.35 யூனிட். அரை யூனிட்டுக்குக் கீழே இருந்து சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் தேனிலவுக் காலம் என்று எடுத்துக்கொள்வோம். சில பிள்ளைகளுக்கு இது சில மாதங்கள் நிற்கும், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும். பிறகு மிச்ச அணுக்களும் குறைய, ஊசியின் அளவு ஏறும். அப்போது நீங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து உடைந்துபோகக் கூடாது. அதனால்தான் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

டானிக்கைப் பற்றி எனக்குள்ள பெரிய குறை வேறு. டைப் 1 எதிர்ப்புச் சக்தி குறைந்து வரும் நோய் இல்லை. எதிர்ப்புச் சக்தி சொந்தக் கணையத்தின் மேலேயே திரும்பி வரும் நோய். அதை இன்னும் கூட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் விற்கும் பொருள் சொன்னபடி வேலை செய்யாமல் இருப்பதே நல்லது என்றுதான் நான் வேண்டிக்கொள்வேன். நீங்கள் செய்தியில் படித்த அணுக்களின் வேலை இதற்கு நேர்மாறானது. அவை எதிர்ப்புச் சக்தியை அடக்கிப் பிடிப்பவை.

இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை. பிள்ளையின் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்த தாயை ஏமாற்றுவது கடினம்.

டி அணுக்கள் என்பவை இரத்தத்தில் சுற்றும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை. அவை நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வளர்ந்து பக்குவப்படுகின்றன. சொந்த உடம்பைத் தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படும். ஆனால் சில தப்பி வந்துவிடும். இது நோயாளிகளிடம் மட்டும் நடப்பதில்லை. இனிப்பு நீரே இல்லாத ஆரோக்கியமானவர்களின் இரத்தத்திலும் பீட்டா அணுவை அடையாளம் காணும் டி அணுக்கள் இருக்கின்றன. உங்களிடமும் இருக்கலாம், என்னிடமும் இருக்கலாம். அப்படியிருந்தும் நம் கணையம் பத்திரமாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள். நீங்கள் சொன்ன ‘கட்டுப்பாட்டு அணுக்கள்’ இவைதான். சுருக்கமாக டி-ரெக் என்பார்கள். சிடி4 வகை டி அணுக்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான் இவை. சிறு கூட்டம், பெரிய பொறுப்பு.

இவை எப்படி அடக்குகின்றன? தாக்கும் அணு பெருக வேண்டுமானால் இன்டர்லூக்கின்-2 என்ற புரதம் வேண்டும். டி-ரெக்கின் மேற்பரப்பில் அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஏற்பிகள் மிக அடர்த்தியாக இருப்பதால், அக்கம்பக்கத்தில் உள்ளதை அது உறிஞ்சிக்கொள்கிறது. தாக்கும் அணுவுக்கு மிச்சம் இருப்பதில்லை. இன்னொரு வழி எனக்கு எப்போதுமே வியப்பைத் தருவது. கணையத்துக்கு அருகிலுள்ள நிணநீர்க் கணுவில் சில காவல் அணுக்கள், பீட்டா அணுவின் துணுக்குகளை டி அணுக்களுக்கு எடுத்துக் காட்டும். ‘தாக்கு’ என்ற உத்தரவு முழுமையாக வேண்டுமானால், துணுக்கோடு சேர்ந்து இரண்டாவது சமிக்ஞை ஒன்றும் தேவை. டி-ரெக் தன்னிடமுள்ள சிடிஎல்ஏ-4 என்ற மூலக்கூறால் அந்தச் சமிக்ஞைப் புரதத்தைக் காவல் அணுவின் மேற்பரப்பிலிருந்து பிய்த்து உள்ளே இழுத்து விழுங்கிவிடுகிறது. துணுக்கு அப்படியே தெரிகிறது, உத்தரவு மட்டும் இல்லை. இது போக, அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 போன்ற பொருள்களையும் அது சுரக்கிறது.

இதெல்லாம் கண்டுபிடிக்கப்பட்ட கதை ஜப்பானில் எலிகளிடம் ஆரம்பிக்கிறது. பிறந்து மூன்றாம் நாளில் தைமஸை அகற்றினால் எலியின் எதிர்ப்புச் சக்தி குறைந்துபோகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. அந்த எலிகளின் உடம்பு தன்னையே தாக்கிக்கொண்டது. ஆரோக்கியமான எலியிலிருந்து முதிர்ந்த டி அணுக்களை எடுத்துக் கொடுத்தபோது நோய் தடுக்கப்பட்டது. அப்படியானால் டி அணுக்களுக்குள்ளேயே அடக்குபவை என்று ஒரு வகை இருக்க வேண்டும் என்று ஷிமோன் சகாகுச்சி பிடிவாதமாக நம்பினார். அந்தத் துறையே இந்த எண்ணத்தைக் கைவிட்டிருந்த காலம் அது. 1995-இல் அந்த வகையை சிடி25 என்ற அடையாளத்தைக் கொண்டு பிரித்துக் காட்டினார். 2001-இல் அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும், ஸ்கர்ஃபி என்ற நோயுற்ற எலி இனத்தில் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு கெட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இந்த மரபணுதான் டி-ரெக்கை உருவாக்கி நடத்துகிறது என்பது 2003-இல் உறுதியானது. 2025-இன் மருத்துவ நோபல் இந்த மூவருக்கும் போனது. நீங்கள் பார்த்த செய்தி இதுதான்.

எலியில் நடப்பது மனிதரிலும் நடக்குமா என்று கேட்பீர்கள். இதற்கு மனதை உருக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஐபெக்ஸ் என்று மிக அரிதான ஒரு நோய். இதே ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதோடு பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு வருவது. கடும் வயிற்றுப்போக்கும் தோல் அழற்சியும் வரும். அவர்களில் பலருக்கு டைப் 1 இனிப்பு நீரும் வரும். அதுவும் பள்ளி வயதில் அல்ல, பிறந்த சில நாள்களில், சில வாரங்களில். டி-ரெக் சரியாக இயங்காவிட்டால் பீட்டா அணு எவ்வளவு சீக்கிரம் பலியாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குத் தெரியாது.

உங்கள் மகனுக்கு இருப்பது ஐபெக்ஸ் இல்லை. சாதாரண டைப் 1 உள்ள பிள்ளைகளின் இரத்தத்தில் டி-ரெக்கை எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை பெரும்பாலும் மற்றவர்களைப் போலவேதான் இருக்கும். கோளாறு வேறிடத்தில். இன்டர்லூக்கின்-2 கொடுக்கும் சமிக்ஞையை இவர்களின் டி-ரெக் சரியாக ஏற்பதில்லை. தாக்கும் அணுக்களோ அடக்குதலுக்கு எளிதில் பணிவதில்லை. எனவே, ‘இரத்தத்தில் டி-ரெக் எண்ணிக்கை பார்க்கிறோம், குறைவாக இருந்தால் ஏற்றுகிறோம்’ என்று யாராவது சொன்னால், அந்த எண்ணிக்கையை வைத்து உங்கள் பிள்ளையின் கணையத்தைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இன்டர்லூக்கின்-2-ஐயும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ராபமைசின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். டி-ரெக் கூடியது. ஆனால் கணையத்தின் இன்சுலின் சுரப்பு தற்காலிகமாக இன்னும் மோசமானது. கூட வேறு வகை வெள்ளை அணுக்களும் பெருகியிருந்தன. இந்த முடிவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன், மற்ற மருத்துவர்களிடமும் சொல்வேன்.

அடுத்து, நீங்கள் கேட்ட சிகிச்சை. நோயாளியின் இரத்தத்திலிருந்து டி-ரெக்கைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, திரும்ப ஏற்றுவது. இது பொய்யில்லை, உண்மையிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். போலந்தின் க்டான்ஸ்க் நகரில் பிள்ளைகளுக்கு ஏற்றி, 2012-இல் நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 14 பெரியவர்களுக்கு, அதிகபட்சமாக 260 கோடி அணுக்கள் வரை ஏற்றிப் பார்த்து, பெரிய ஆபத்து இல்லை என்று 2015-இல் சொன்னார்கள். அதன் பிறகுதான் சரியான சோதனை நடந்தது. 8 முதல் 17 வயது வரை, புதிதாக நோய் கண்ட பிள்ளைகள். சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அணுக்கள், மற்றவர்களுக்கு வெறும் திரவம். முடிவு 2024-இல் வந்தது. ஒரு முறை ஏற்றிய அணுக்கள் பிள்ளைகளின் இன்சுலின் சுரப்பைக் காப்பாற்றவில்லை. இரு பக்கமும் ஒரே மாதிரிதான் சுரப்பு குறைந்துகொண்டு போனது.

ஏன் பலிக்கவில்லை? தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக் கோவிலில் கயிறு பிடித்து நிற்கும் தொண்டூழியர்களைப் பார்த்திருப்பீர்கள். நெரிசல் படிக்கட்டில் இருக்க, ஆயிரம் பேரை பட்டர்வொர்த் ஃபெர்ரித் துறையில் நிறுத்தி என்ன பயன்? இரத்தத்திலிருந்து எடுத்துப் பெருக்கிய டி-ரெக்கில் பீட்டா அணுவை அடையாளம் காணக்கூடியவை மிகச் சொற்பம். மற்றவை உடம்பெங்கும் சுற்றிக்கொண்டிருக்கும். எலிகளில், பீட்டா அணுவை அடையாளம் காணும் டி-ரெக் கொஞ்சம் கொடுத்தாலே நோய் நின்றது. புதிதாக வந்த நோய்கூடப் பின்வாங்கியது. அதனால் இப்போதைய முயற்சியெல்லாம், கணையத்தைத் தேடிப் போகும்படி மரபணு திருத்திய டி-ரெக்கை உருவாக்குவதில்தான். எனக்கு இதில் உண்மையான நம்பிக்கை இருக்கிறது. உங்கள் மகன் பெரியவனாகும் காலத்தில் இந்தத் துறை இன்றுள்ள இடத்தில் நிற்காது. ஆனால் இன்று, காசு வாங்கிக்கொண்டு ஒரு கிளினிக் விற்கக்கூடிய சிகிச்சை இது இல்லை.

நகையை அடகு வைக்காதீர்கள், சகோதரி. அந்தக் கிளினிக்கில் ஒன்று கேளுங்கள்: இது மருத்துவ ஆய்வா? ஆய்வென்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் இருக்கும். பரிசோதனையில் உள்ள மருந்துக்காக உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். ஆய்வு இல்லை, நிரூபணமான சிகிச்சை என்று சொன்னால், எந்தப் பிள்ளைகளில் எப்போது நிரூபணமானது என்று கேளுங்கள். பணம் புரட்ட முடியுமென்றால் அது சர்க்கரை பார்க்கும் குச்சிக்கும், முடிந்தால் கையில் ஒட்டும் சென்சாருக்கும் போகட்டும். இங்கே பல குடும்பங்கள் சொந்தக் காசில்தான் அவற்றை வாங்குகின்றன. மாதா மாதம் வரும் அந்தச் செலவு எவ்வளவு கனமானது என்பது எனக்குத் தெரியும்.

மகளைப் பற்றிய கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. மேலை நாட்டுக் கணக்குப்படி, டைப் 1 உள்ள பிள்ளையின் உடன்பிறப்புக்கு அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தாறு. அதாவது தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று ஐந்து பேருக்கு வராது. ஆசிய மக்களில் இந்த நோயே மேலை நாட்டவரைவிடக் குறைவு.

வரப் போகிறதா என்பதை ஓரளவு முன்கூட்டியே அறிய இரத்தப் பரிசோதனை இருக்கிறது. இன்சுலினுக்கும், பீட்டா அணுவிலுள்ள காட், ஐஏ-2, சிங்க்டி8 என்ற புரதங்களுக்கும் எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடிகளைப் பார்ப்பார்கள். குழந்தைகளில் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால், பத்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பேருக்கு நோய் வெளிப்படுகிறது. இரண்டோ அதற்கு மேலோ ஆன்டிபாடியும் சர்க்கரையில் லேசான ஏறுமாறும் உள்ளவர்களுக்கு, டெப்லிசுமாப் என்ற மருந்தை அமெரிக்கா 2022 நவம்பரில் அனுமதித்தது. அந்த அனுமதி எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, 14 நாள் நரம்பு வழியாகக் கொடுக்க. அது டி அணுக்களின் தாக்கும் வேகத்தைத் தணிக்கிறது. 2019-இல் வெளிவந்த 76 பேர் ஆய்வில், நோய் வெளிப்படுவதை நடுமதிப்பில் சுமார் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டது. குணப்படுத்தவில்லை, தள்ளிப்போட்டது. ஒரு பிள்ளை ஊசியில்லாமல் கழிக்கும் இரண்டு ஆண்டுகளை நான் சின்ன விஷயமாக எண்ண மாட்டேன்.

உங்கள் மகளுக்கு ஐந்து வயதுதான். அந்த அனுமதியின்படி இந்த மருந்து அவளுக்குப் பொருந்தாது. பிறகு பரிசோதனை எதற்கு? முன்கூட்டியே தெரிந்திருந்தால், அண்ணனுக்கு வந்தது போல 28-இல் போய்ப் படுக்கும் நிலை வராது. ஜெர்மனியின் பவேரியாவில் 2015 முதல் சிறு பிள்ளைகளிடம் இந்த ஆன்டிபாடிகளைப் பார்க்கிறார்கள். அப்படி முன்பே கண்டறியப்பட்ட பிள்ளைகள் இரத்தம் அமிலமாகி ஆபத்தான நிலையில் ஆஸ்பத்திரிக்கு வருவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. செய்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. தெரிந்துகொண்டால் நிம்மதி என்று சிலர் நினைப்பார்கள், தெரிந்தால் தினமும் பயந்து சாவோம் என்று சிலர். இரண்டுமே நியாயம். பரிசோதனை செய்யாவிட்டாலும், மகள் அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ, இளைத்தாலோ, மறுபடி படுக்கையை நனைத்தாலோ, அண்ணனின் மீட்டரில் அன்றைக்கே ஒரு சொட்டு இரத்தம் பாருங்கள். அதோடு வாந்தியும் வயிற்றுவலியும் ஆழ்ந்த பெருமூச்சும் சேர்ந்தால் கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். டைப் 1 மைலோ குடித்து வருவதில்லை. பெரியவர்களுக்கு வரும் டைப் 2-ஐத்தான் அவர் அக்கம்பக்கத்தில் பார்த்திருப்பார், அதனால் அப்படிச் சொல்கிறார். பேரனின் கணையத்தின் மேல் தாக்குதல் தொடங்கியது அவன் தண்ணீருக்குத் தவிக்க ஆரம்பித்ததற்குப் பல மாதங்கள், ஒருவேளை பல வருடங்கள் முன்பு. மரபணு ஒரு பங்கு, இன்னும் முழுதாகப் பிடிபடாத வெளிக்காரணங்கள் ஒரு பங்கு. நீங்கள் எதைக் கலக்கிக் கொடுத்திருந்தாலும், எதைக் கொடுக்காமல் விட்டிருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. இந்தப் பத்தியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். முடிந்தால் அடுத்த முறை அவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், இன்சுலின் பேனாவைப் பிடிக்கத் தாதியிடம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் இன்னொரு கை பழகியிருப்பது உங்களுக்கும் நல்லது.

டானிக்கை இன்றோடு நிறுத்திவிடுங்கள். புட்டியைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அட்டையில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தாலும் அது இந்த நோயைக் குணமாக்கும் என்று அர்த்தமில்லை. இல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது. இன்னொன்று, நோட்டில் போன வாரம் விடியற்காலையில் 3.6, 3.4 என்று இரண்டு இடத்தில் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறீர்கள். அது தாழ்சர்க்கரை. தேனிலவுக் காலத்தில் 9 யூனிட்டே அவனுக்கு அதிகமாகியிருக்கலாம். 4-க்குக் கீழே போனால் தாதி சொல்லிக் கொடுத்த அளவு குளுக்கோஸைக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் நாளைக் காலையிலேயே மகனைப் பார்க்கும் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஃபோன் போட்டு இந்த இரண்டு எண்ணையும் சொல்லிவிடுங்கள்.